பொருளாதார மந்தம் வந்தால் செவிலியர் வேலை உண்மையிலேயே பாதுகாப்பானதா?

இறுதியாண்டு மாணவி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். செவிலியர் பட்டப்படிப்பின் கடைசி ஆண்டில் இருக்கிறேன். இந்தப் படிப்பில் நான் சேர்ந்தபோது எல்லோரும் சொல்லிவைத்தாற்போல் ஒரே காரணத்தைச் சொன்னார்கள். எந்தத் தொழில் படுத்தாலும் மருத்துவமனை படுக்காது, ஆகவே நர்ஸுக்கு வேலை இல்லை என்ற நிலை வராது என்பதே அது. நானும் அதை நம்பித்தான் சேர்ந்தேன்.

இப்போது எங்களுக்கு முந்தைய அணியில் தேறிய அக்காக்கள் பலர் வேலையில்லாமல் இருக்கிறார்கள். விண்ணப்பிக்கும் இடங்களிலெல்லாம் இரண்டாண்டு அனுபவம் கேட்கிறார்கள்; அனுபவம் பெறுவதற்கு முதலில் யாராவது வேலை தர வேண்டுமே என்பதைப் பற்றி யாரும் கவலைப்படுவதாகத் தெரியவில்லை. ஆனால் பயிற்சிக்காக நாங்கள் போகும் வார்டில் ஆள் போதாமல் தத்தளிக்கிறார்கள். அங்கே நர்ஸ்கள் அறையில் ஒட்டியிருந்த டியூட்டி அட்டவணையில் ஐந்து வரிசைகளில் பெயருக்குப் பதிலாகக் 'காலியிடம்' என்று பென்சிலால் எழுதியிருந்தது. அடுத்த மாதம் புதிய அட்டவணை வந்தபோது அந்த ஐவரும் நியமிக்கப்பட்டுவிட்டார்களா என்று ஆவலோடு பார்த்தேன். யாரும் வந்திருக்கவில்லை, அந்த ஐந்து வரிசைகளையே எடுத்துவிட்டிருந்தார்கள்.

செவிலியர் பற்றாக்குறை என்றும், செவிலியருக்கு வேலை இல்லை என்றும் ஒரே நேரத்தில் எப்படிச் சொல்ல முடிகிறது? மந்த காலத்தில் ஏற்கெனவே வேலையில் இருப்பவர்களுக்கு என்ன நேர்கிறது? என்னைப் போன்றவர்கள் காத்திருப்பதா, மேற்படிப்புக்குப் போவதா, வெளிநாட்டுக்கு முயல்வதா? முந்தைய மந்தங்களைக் கண்டவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பழைய மேட்ரன் எழுதியது:

அன்புத் தங்கைக்கு, உங்கள் கேள்விக்கான பதிலில் பாதி அந்த அட்டவணையிலேயே இருக்கிறது. நோயாளிகளுக்கு எத்தனை செவிலியர் தேவை என்பது ஒரு கணக்கு. எத்தனை பேருக்குச் சம்பளம் கொடுக்க நிர்வாகம் ஆயத்தமாக இருக்கிறது என்பது வேறொரு கணக்கு. நல்ல காலத்தில் இந்த இரண்டும் ஓரளவு அருகருகே இருப்பதால் வேறுபாடு கண்ணில் படுவதில்லை. மந்தம் வந்ததும் முதல் கணக்கு அப்படியே நிற்கிறது, சில வேளைகளில் கூடவும் செய்கிறது, இரண்டாவது சுருங்குகிறது. காலியிடம் என்று எழுதியிருக்கும்வரை அது பற்றாக்குறை. அந்த வரிசையை அட்டவணையிலிருந்து எடுத்துவிட்டால் பற்றாக்குறையும் காகிதத்தில் ஒழிந்துவிடுகிறது. உலக சுகாதார நிறுவனம் 2025-ல் வெளியிட்ட அறிக்கையின்படி 2023-ல் உலகில் 2 கோடியே 98 லட்சம் செவிலியர் இருந்தார்கள், இன்னும் 58 லட்சம் பேர் தேவைப்பட்டார்கள். இந்த 58 லட்சத்தைப் படித்துவிட்டு, அத்தனை வேலைகள் நமக்காகக் காத்திருக்கின்றன என்று பல மாணவிகள் எண்ணிக்கொள்கிறார்கள். அது நோயாளிகளின் பக்கத்திலிருந்து எண்ணிய எண்ணிக்கை; சம்பளப் பட்டியலிலிருந்து எண்ணியது அன்று.

தேவை இருந்தும் பணமில்லாத நிலையின் மிக வெளிப்படையான உதாரணத்தைக் கென்யாவில் 2000-களின் முற்பகுதியில் காணலாம். அரசு மருத்துவமனைகளிலும் சுகாதார நிலையங்களிலும் பணியிடங்கள் காலியாகக் கிடந்தன. பயிற்சி முடித்த செவிலியர் ஆயிரக்கணக்கில் வேலையின்றி வீட்டில் இருந்தார்கள். அரசின் சம்பளச் செலவுக்கு வரம்பு கட்டி, புதிய நியமனங்களை நிறுத்தி வைத்ததே காரணம். இதைப் படிக்கும்போது ஏதோ ஏழை நாட்டின் கதை என்று தோன்றும். 2009 மார்ச்சில் அயர்லாந்து அரசும் அதே கதவைத்தான் அடைத்தது. பொதுத்துறையில் புதிய நியமனமும் இல்லை, பதவி உயர்வும் இல்லை என்று அறிவித்தது.

இது முதலாளி பக்கத்துக் கதை. தொழிலாளர் பக்கத்தில் நடப்பது இதைவிடச் சுவையானது, இதைப் பாடநூல்களில் யாரும் சொல்லித் தருவதில்லை. செவிலியரில் மிகப் பெரும்பாலோர் பெண்கள். நல்ல காலத்தில் அவர்களில் ஒரு பகுதியினர் குழந்தைகளுக்காக வேலையை விட்டிருப்பார்கள், வாரத்துக்கு இரண்டு நாள் மட்டும் வருவார்கள், அல்லது முதுகுவலி தாங்காமல் முன்கூட்டியே ஓய்வு பெறலாமா என்று நாள் எண்ணிக்கொண்டிருப்பார்கள். கணவருக்கு வேலை போய்விட்டால், அல்லது போய்விடுமோ என்ற பயம் வந்துவிட்டால், இந்த மூன்று வகையினரும் ஒரே நேரத்தில் மருத்துவமனை வாசலில் வந்து நிற்கிறார்கள். அமெரிக்காவில் 2007 டிசம்பரில் மந்தம் தொடங்கி, வேலையின்மை 2009 அக்டோபரில் 10 சதவீதத்தைத் தொட்டது. அந்த 2007, 2008 ஆகிய இரண்டே ஆண்டுகளில் அங்கே மருத்துவமனைகளில் பணியிலிருந்த பதிவுபெற்ற செவிலியர் எண்ணிக்கை ஏறத்தாழ 2.4 லட்சம் கூடியது என்று செவிலியர் தொழிற்சந்தையை நெடுங்காலமாக ஆராய்ந்து வரும் பீட்டர் பியூர்ஹாஸ் குழுவினர் மதிப்பிட்டார்கள். வந்தவர்களில் ஐம்பது வயதைக் கடந்தவர்கள் கணிசமானோர். பத்தாண்டுக்கு மேல் இழுத்துக்கொண்டிருந்த பற்றாக்குறை பல ஊர்களில் திடீரென்று தீர்ந்ததுபோலத் தெரிந்தது.

இப்போது நிர்வாகத்தின் இடத்தில் இருந்து பாருங்கள். ஒரு பக்கம் இருபதாண்டு அனுபவமுள்ளவர் திரும்பி வருகிறார். ஓய்வுபெற வேண்டியவர் போகாமல் இருக்கிறார். இன்னொரு பக்கம் ஆறு மாதம் அருகில் ஆள் நிறுத்திப் பழக்க வேண்டிய புதியவர் விண்ணப்பத்தோடு நிற்கிறார். யாருக்கு வேலை கிடைக்கும்? மந்தத்தின் முழு அடியும் வரிசையின் கடைசியில் நிற்கும் புதிதாகத் தேறியவர்கள்மேல் விழுவதற்கு இதுவே காரணம். அவர்கள் திறமையற்றவர்கள் என்பதனால் அன்று.

திரும்பி வந்தவர்கள் என்றைக்கும் இருந்துவிடப் போவதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பொருளாதாரம் தேறியதும் அவர்களின் முதுகுவலி நினைவுக்கு வரும். அதற்குள் புதியவர்கள் வேறு வேலைகளுக்குப் போயிருப்பார்கள். நர்சிங் கல்லூரிகளும் 'வேலைதான் இல்லையே' என்று இடங்களைக் குறைத்திருக்கும். இங்கிலாந்தில் இப்படித்தான் நடந்தது: 2009-10-ல் ஏறத்தாழ 20,800 ஆக இருந்த செவிலியர் பயிற்சி இடங்களை 2012-13-ல் 17,200 அளவுக்குக் குறைத்தார்கள். ஒரு செவிலியரை உருவாக்க மூன்றாண்டு ஆகும் என்பதனால் அந்த வெட்டின் வலி மூன்றாண்டு கழித்து, வேறொரு அமைச்சரின் காலத்தில், வேறொரு நெருக்கடியாகத் தெரிந்தது. அப்போது ஏஜென்சிகள் வழியாக வரும் தற்காலிகச் செவிலியருக்குக் கொடுத்த பணம் கட்டுக்கடங்காமல் போக, 2015 இறுதியில் அதற்கு உச்சவரம்பு விதிக்க நேர்ந்தது. நிரந்தர ஊழியருக்குக் கொடுக்க மறுத்ததை இரட்டிப்பாக வெளியாளுக்குக் கொடுப்பது சிக்கனம் என்று எந்தக் கணக்கில் எழுதினார்களோ, எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

இரவுப்பணி எழுதியது:

மேட்ரன் அம்மா சொன்னதை வழிமொழிகிறேன். வேலையில் இருப்பவர்களுக்கு என்ன நேர்கிறது என்ற இரண்டாவது கேள்விக்கு நான் பதில் எழுதுகிறேன், ஏனென்றால் அதை இப்போது அனுபவித்துக்கொண்டிருக்கிறேன்.

மந்தம் என்றதும் செவிலியரை வேலையைவிட்டு அனுப்புவார்கள் என்றுதான் வெளியில் இருப்பவர்கள் நினைக்கிறார்கள். அப்படி நடப்பது குறைவு. முதலில் போகிறவர்கள் வார்டு உதவியாளர், தூய்மைப் பணியாளர், வார்டு எழுத்தர், ஸ்டோர் ஆள், ரத்த மாதிரி எடுத்துச் செல்பவர் ஆகியோர். அவர்கள் போன பிறகும் அவர்கள் செய்த வேலை வார்டிலேயே இருக்கிறது. அதைச் செய்ய மிச்சமிருக்கும் ஒரே ஆள் நர்ஸ்தான். எங்கள் வார்டில் இரவு எழுத்தரை எடுத்துவிட்ட பிறகு தொலைபேசியும் எங்கள் வேலையாகிவிட்டது. ஒரு நள்ளிரவில் நான் மருந்து வண்டியின் அருகில் நின்று இன்சுலின் அளவைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். தொலைபேசி அடித்தது, எடுக்கப் போனேன், திரும்பி வந்து முதலிலிருந்து சரிபார்த்தேன், மறுபடியும் அடித்தது. நான்காவது முறை அடித்தபோது எடுக்காமல் விட்டுவிட்டேன். அது சோதனைக்கூடத்திலிருந்து வந்த அழைப்பு. ஒரு நோயாளியின் பொட்டாசியம் அளவு அபாயக் கட்டத்தில் இருக்கிறது என்று சொல்லத்தான் அழைத்திருக்கிறார்கள். ஐந்தாவது முறை எடுத்ததால் அன்று விபரீதம் ஏதும் நேரவில்லை. எழுத்தரின் சம்பளத்தில் மிச்சப்படுத்திய தொகையை எந்த மாத அறிக்கையிலும் காட்டிவிடலாம். அந்த நான்காவது அழைப்பை எந்தப் பத்தியில் காட்டுவார்கள்?

அடுத்ததாக, காகிதத்தில் தெரியாத வெட்டுகள் வரும். பயிற்சி வகுப்புகள் நிற்கும். காயப் பராமரிப்பு, நீரிழிவு, தொற்றுக் கட்டுப்பாடு ஆகியவற்றுக்கென்று தனியாக இருந்த சிறப்புச் செவிலியர்களை 'இன்று ஆள் குறைவு, ஒரு நாள் மட்டும்' என்று பொது வார்டுக்கு இழுப்பார்கள், அந்த ஒரு நாள் ஓராண்டாகும். ஓய்வு பெறுபவரின் இடம் நிரப்பப்படாது. மகப்பேறு விடுப்பில் போனவருக்கு மாற்று ஆள் வரமாட்டார். கையுறைப் பெட்டிகளை ஷிஃப்ட் மாறும்போது எண்ணி ஒப்படைக்கச் சொல்வார்கள். இவை எதற்கும் ஆட்குறைப்பு என்று பெயர் கிடையாது.

இந்த நிலையில் ஒரு நர்ஸ் என்ன செய்வார்? செய்ய வேண்டியதில் எதை விடலாம் என்று மனத்துக்குள் ஒரு வரிசை போட்டுக்கொள்வார். மருந்தை விடமாட்டார், ட்ரிப்ஸை விடமாட்டார், ஏனென்றால் அவை சார்ட்டில் பதிவாகின்றன. நோயாளியைப் புரட்டிப் படுக்க வைப்பது, வாயைச் சுத்தம் செய்வது, நடக்க வைப்பது, அறுவை சிகிச்சைக்கு முந்தைய இரவு பயந்து கிடப்பவரின் அருகில் ஐந்து நிமிடம் உட்கார்வது, வீட்டுக்குப் போகிறவருக்கு மாத்திரைகளை விளக்குவது ஆகியவைதான் விடுபடும். படுக்கைப்புண்ணும் நிமோனியாவும், வீட்டுக்குப் போனவர் பத்து நாளில் திரும்பி வருவதும் அப்புறம் நடப்பவை. ஒன்பது ஐரோப்பிய நாடுகளின் 300 மருத்துவமனைகளில், அறுவை சிகிச்சை செய்துகொண்ட நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டோரின் விவரங்களை லிண்டா ஐக்கன் குழுவினர் ஆராய்ந்து 2014-ல் லான்செட் மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். ஒரு செவிலியரின் பொறுப்பில் உள்ள நோயாளிகளில் ஒருவர் கூடும்போது, சேர்ந்த 30 நாளுக்குள் நோயாளி இறப்பதற்கான வாய்ப்பு 7 சதவீதம் கூடியிருந்தது. ஒருவர்தானே என்று சொல்லி இனி யாரும் என்னிடம் கூடுதல் படுக்கையைத் தள்ள முடியாது. தள்ளுகிறார்கள் என்பது வேறு விஷயம்.

இன்னொன்றும் உண்டு. மந்த காலத்தில் எங்கள் வீடுகளிலும் மந்தம்தான். நல்ல காலமாக இருந்தால், இப்படி வேலை வாங்கும் இடத்தை விட்டு அடுத்த மருத்துவமனைக்குப் போயிருப்பேன். இப்போது வீட்டில் என் சம்பளம் ஒன்றுதான் நிலையாக வருகிறது. காய்ச்சலோடு டியூட்டிக்கு வருகிறோம், ஓவர்டைம் கேட்டு வாங்கிக்கொள்கிறோம், குறையைச் சொல்ல வாயெடுத்து அடக்கிக்கொள்கிறோம். வேலையை விட்டுப் போகிறவர்கள் குறைந்துவிட்டார்கள் என்று கூட்டத்தில் மகிழ்ச்சியோடு அறிவிக்கிறார்கள்.

கணக்குப்பிள்ளை எழுதியது:

நான் செவிலியர் அல்லேன். மருத்துவமனைகளின் நிதிப் பிரிவில் பல ஆண்டுகள் வேலை செய்தவன். இங்கே அடி வாங்குவேன் என்று தெரிந்தே எழுதுகிறேன்.

மருத்துவமனை மந்தத்தால் பாதிக்கப்படாது என்ற நம்பிக்கைதான் முதல் தவறு. தனியார் மருத்துவமனையின் வருமானத்தில் பெரும்பகுதி, தள்ளிப் போடக்கூடிய சிகிச்சைகளிலிருந்து வருகிறது. மூட்டு மாற்று, கண்புரை, குடலிறக்கம், பல்வேறு முன்கூட்டிய பரிசோதனைகள் ஆகியவற்றை மக்கள் வேலை போனதும் அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறார்கள். வேலையோடு காப்பீடும் சேர்ந்து போகும் அமைப்புள்ள நாடுகளில் இது இன்னும் வேகமாக நடக்கும். அதே மக்கள் நோய் முற்றிய பிறகு அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வருகிறார்கள், அப்போது கட்டணம் செலுத்தும் நிலையில் இருக்கமாட்டார்கள். லாபம் தரும் படுக்கை காலியாகவும் நட்டம் தரும் படுக்கை நிரம்பியும் இருக்கும். தள்ளிப்போடும் சிகிச்சை நின்றால் என்ன ஆகும் என்பதை 2020 ஏப்ரலில் உலகமே பார்த்தது. பெருந்தொற்று உச்சத்தில் இருந்த அந்த ஒரே மாதத்தில் அமெரிக்கச் சுகாதாரத் துறை 14 லட்சம் வேலைகளை இழந்தது. அதில் பல் மருத்துவ நிலையங்களின் பங்கு பெரிது என்றாலும், மருத்துவமனைகளும் ஊழியர்களைச் சம்பளமில்லா விடுப்பில் அனுப்பின. ஒரு நகரத்தில் தீவிர சிகிச்சைக்கு ஆள் இல்லை, இன்னொன்றில் அறுவை அரங்குச் செவிலியர் வீட்டில் இருந்தார்கள்.

அரசு மருத்துவமனையின் கணக்கு வேறு. அங்கே வருமானம் வரிப்பணம். மந்தத்தில் வரி குறைகிறது, அதே நேரத்தில் தனியாரிடம் போக முடியாதவர்கள் எல்லோரும் அங்கே வருகிறார்கள். கிரீஸ் 2010-ல் கடன் நெருக்கடியில் சிக்கியபோது, பொதுத்துறையில் ஐந்து பேர் வெளியேறினால் ஒருவரைத்தான் நியமிக்கலாம் என்ற விதியை ஏற்க வேண்டியிருந்தது. ஐரோப்பாவிலேயே மக்கள்தொகைக்கு மிகக் குறைந்த செவிலியரைக் கொண்ட நாடுகளில் அதுவும் ஒன்று என்பது அந்த விதிக்குத் தெரியாது.

ஏன் செவிலியர்மேல் கை வைக்கிறார்கள் என்றால், மருத்துவமனைச் செலவில் மிகப் பெரியது சம்பளம். சம்பளத்தில் மிகப் பெரிய கூட்டம் செவிலியர். மருத்துவர் வந்தால் நோயாளி வருகிறார் என்பதனால் அவர் வருமானத்தின் பக்கத்தில் எழுதப்படுகிறார். செவிலியருக்குத் தனிக் கட்டணச் சீட்டு கிடையாது; அவர் உழைப்பு அறை வாடகைக்குள் அடங்கிவிடுகிறது. ஆகவே கணக்கேட்டில் அவர் வெறும் செலவு. நான் அதை நியாயப்படுத்தவில்லை. ஆனால் மாத இறுதியில் சம்பளம் போடப் பணமில்லாத மேசையில் உட்கார்ந்திருப்பவரிடம் படுக்கைப்புண் பற்றிப் பேசினால், அது அடுத்த காலாண்டின் பிரச்சினை என்றுதான் பதில் வரும். மருத்துவமனையே மூடப்பட்டால் ஐந்து காலியிடம் அன்று, எல்லா இடமும் போய்விடும்.

இரவுப்பணி எழுதியது:

ஐயா, வெளிப்படையாக எழுதியதற்கு நன்றி. 'அடுத்த காலாண்டின் பிரச்சினை' என்று நீங்கள் சொன்ன இடத்தில்தான் என் மறுப்பு இருக்கிறது. இங்கிலாந்தின் ஸ்டாஃபோர்ட் மருத்துவமனையில் 2005-க்கும் 2009-க்கும் இடையே நடந்தவற்றை விசாரித்த ராபர்ட் ஃபிரான்சிஸ், 2013 பிப்ரவரியில் தம் அறிக்கையை வெளியிட்டார். நிதி இலக்குகளை எட்டுவதில் காட்டிய முனைப்பும், அதற்காகச் செவிலியரைக் குறைத்ததும் அங்கே நோயாளிகள் பட்ட துன்பத்துக்குக் காரணங்களில் அடங்கும் என்பது அதில் பதிவாகியிருக்கிறது. தண்ணீர் எட்டாத தூரத்தில் வைக்கப்பட்டுத் தாகத்தோடு கிடந்தவர்களின் கதைகள் அவை. அந்த அறிக்கைக்குப் பிறகு நாடு முழுவதும் மருத்துவமனைகள் அவசர அவசரமாகச் செவிலியரைத் தேடின, மேட்ரன் அம்மா சொன்னபடி பயிற்சி இடங்களை அதற்கு முன்பே வெட்டியிருந்ததால் ஆள் கிடைக்கவில்லை. மிச்சப்படுத்திய பணம் எங்கே போனது என்பதை உங்களைப் போன்ற ஒருவர்தான் கணக்குப் போட்டுச் சொல்ல வேண்டும்.

மருத்துவமனை மூடப்படலாம் என்ற உங்கள் வாதத்தை நான் தள்ளவில்லை. வெட்டத்தான் வேண்டும் என்றால் வார்டு நடத்துபவரையும் கூட்டி உட்கார வைத்து எதை வெட்டலாம் என்று கேட்கலாம். எங்களுக்குத் தெரிந்த வீண்செலவுகளின் பட்டியல் நீளமானது. பயன்படுத்தாமலே காலாவதியாகும் பொருள்கள் எந்த அலமாரியில் இருக்கின்றன என்று எந்த மேலாளரையும்விட இரவு நர்ஸுக்கு நன்றாகத் தெரியும். என் பணிக்காலத்தில் ஒரு முறைகூட யாரும் கேட்டதில்லை.

கடல்கடந்தவள் எழுதியது:

வெளிநாடு பற்றிக் கேட்டிருந்தீர்கள். 2009-க்குப் பிந்தைய ஆண்டுகளில் என்னோடு ஒரே தங்குமிடத்தில் இருந்தவர்கள் ஸ்பெயினிலிருந்தும் போர்ச்சுகலிலிருந்தும் அயர்லாந்திலிருந்தும் வந்த செவிலியர். எல்லோரும் பட்டதாரிகள், எல்லோருடைய நாட்டிலும் நோயாளிகள் இருந்தார்கள், நியமனம்தான் இல்லை. அயர்லாந்து அரசு 2013-ல் புதிதாகத் தேறியவர்களுக்கென்று ஒரு திட்டத்தைக் கொண்டுவந்தது: வழக்கமான தொடக்கச் சம்பளத்தில் 80 சதவீதம் மட்டும் கொடுத்து ஆயிரம் பேரை எடுத்துக்கொள்வதாக அறிவித்தது. செவிலியர் சங்கம் அதைப் புறக்கணிக்கச் சொன்னது, தொடக்கத்தில் விண்ணப்பித்தவர்கள் மிகக் குறைவு. என் அறைத்தோழி அந்த அறிவிப்பைக் கைப்பேசியில் படித்துவிட்டு, எதுவும் பேசாமல் பெட்டியின் அடியில் வைத்திருந்த ஊர் மருத்துவமனையின் அடையாள அட்டையை எடுத்து மேசை இழுப்பறைக்குள் மாற்றி வைத்தாள். அதுவரை திரும்பிப் போகும் எண்ணத்தில்தான் பெட்டியைப் பாதி பிரிக்காமல் வைத்திருந்தாள்.

நாடே நெருக்கடியில் இருக்கும்போது அரசே செவிலியரை அனுப்பி வைப்பதும் உண்டு. இலங்கையில் அந்நியச் செலாவணி தீர்ந்துபோன 2022-ல், அரசு ஊழியர் வெளிநாட்டில் வேலை பார்ப்பதற்காக ஐந்தாண்டுவரை சம்பளமில்லா விடுப்பில் போகலாம், பணி மூப்பும் ஓய்வூதியமும் பாதிக்கப்படா என்று சுற்றறிக்கை வந்தது. அனுப்பும் பணம் நாட்டுக்கு உதவும் என்பது கணக்கு. வார்டில் மிஞ்சியவர்கள் என்ன செய்வார்கள் என்பதை முன்னே எழுதிய சகோதரியிடம் கேட்டுக்கொள்ளலாம்.

நீங்கள் கவனிக்க வேண்டியவை சில உண்டு. பெரிய மந்தங்கள் ஒரு நாட்டோடு நிற்பதில்லை. உங்கள் நாட்டில் கதவு அடைபடும்போது போக நினைக்கும் நாட்டிலும் அடைபடலாம், பாதி வழியில் விசா வரிசையில் நிற்கும்போதும் அடைபடலாம். மொழித் தேர்வின் மதிப்பெண்ணுக்குக் காலவரம்பு உண்டு, அது முடிந்தால் மறுபடியும் எழுத வேண்டும். விசா ஒரே முதலாளியோடு பிணைந்திருந்தால், அங்கே ஆட்குறைப்பு வரும்போது உள்ளூர் செவிலியருக்கு வேலைதான் போகும், உங்களுக்கு வேலையோடு இருப்பிட உரிமையும் ஆபத்தாகும். சேர்க்கைக்கு உங்களிடம் பணம் கேட்கும் இடைத்தரகரை அந்த ஒரு காரணத்துக்காகவே ஒதுக்கிவிடுங்கள். முறையான நியமனத்தில் முதலாளிதான் அந்தச் செலவை ஏற்பார். உலக சுகாதார நிறுவனம் 2010-ல் சர்வதேச நியமனத்துக்கான நடத்தை நெறிகளை ஏற்றது. சுகாதாரப் பணியாளர் மிகவும் குறைந்த 55 நாடுகளின் பட்டியலையும் 2023-ல் வெளியிட்டது. சில நாடுகள் அந்தப் பட்டியலில் உள்ள இடங்களில் முனைந்து ஆள் சேர்ப்பதில்லை. உங்கள் நாடு அதில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் திட்டமிடுங்கள்.

இறுதியாண்டு மாணவி எழுதியது:

எல்லோருக்கும் மிக்க நன்றி. இரண்டு விஷயங்களை மட்டும் மேலும் கேட்கிறேன். எனக்கு ஓராண்டு ஒப்பந்தத்தில் ஒரு முதியோர் பராமரிப்பு இல்லத்தில் வேலை தருவதாகச் சொல்கிறார்கள். அங்கே போனால் பின்னாளில் பெரிய மருத்துவமனைகள் அதை அனுபவமாகக் கருதாது என்று தோழிகள் தடுக்கிறார்கள். மேற்படிப்புக்குப் போனால் மந்தம் முடியும்வரை காலத்தைக் கடத்தலாம் என்றும் தோன்றுகிறது.

பழைய மேட்ரன் எழுதியது:

காலம் கடத்துவதற்காக மேற்படிப்புக்குப் போகாதீர்கள். மந்த காலத்தில் எல்லோருக்கும் அதே யோசனை தோன்றும். நீங்கள் பட்டத்தோடு வெளியே வரும்போது, கையில் பட்டம் இருந்தும் ஒரு நாள்கூடத் தனியாக வார்டு பார்க்காதவர்களின் கூட்டத்தில் ஒருவராக நிற்பீர்கள். ஈராண்டு வேலை பார்த்துவிட்டு, எந்தத் துறை பிடிக்கிறது என்று தெரிந்த பின் படித்தால் அந்தப் படிப்புக்கும் பயன் உண்டு. புதிதாகத் தேறியவருக்கு ஓராண்டு இடைவெளி மிகவும் கெடுதல். கேனுலா (நரம்பில் மருந்து செலுத்தும் சிறு குழாய்) போடும் கை மறந்துவிடும் என்பதைவிட, முடிவெடுக்கும் துணிவு போய்விடும் என்பதே என் கவலை.

முதியோர் இல்லத்தைத் தாழ்வாக எண்ணுவது நம் தொழிலின் பழைய நோய். 1930-களின் பெருமந்தத்துக்கு முன்பு அமெரிக்காவில் பயிற்சி பெற்ற செவிலியரில் பெரும்பாலோர் பணக்காரர் வீடுகளுக்குப் போய்த் தனி நோயாளியைப் பார்த்தார்கள். மருத்துவமனை வார்டுகளை ஊதியமற்ற மாணவிகள்தாம் நடத்தினார்கள். வார்டில் சம்பளத்துக்கு வேலை செய்வது கௌரவக் குறைவாக எண்ணப்பட்ட காலம் அது. மந்தத்தில் வீடுகளில் அழைப்பது நின்றுபோனதும், சிலர் தங்க இடமும் உணவும் கிடைத்தால் போதும் என்று மருத்துவமனைகளில் சேர்ந்தார்கள். சிறிய பயிற்சிப் பள்ளிகள் பல மூடப்பட்டன. அந்த இக்கட்டிலிருந்துதான், சம்பளம் பெறும் பட்டயச் செவிலியர் வார்டை நடத்துவது என்ற, இன்று நாம் இயல்பாக எண்ணும் ஏற்பாடு வேரூன்றியது. இதனால் மந்தம் நல்லது என்று நான் சொல்ல வரவில்லை. அப்போது பட்டினி கிடந்தவர்களுக்கு அது ஆறுதலாக இருந்திருக்க முடியாது. வேலைகள் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு நகரும், முதலில் நகர்கிறவர்களை மற்றவர்கள் ஏளனமாகப் பார்ப்பார்கள் என்பதற்காகச் சொன்னேன். முதியோர் பராமரிப்பில் மருத்துவர் அருகில் இருப்பதில்லை. காய்ச்சலே வராமல் தொற்று முற்றும் முதியவரைப் பார்த்த மாத்திரத்தில் ஏதோ சரியில்லை என்று கண்டுகொள்ளும் கண் அங்கேதான் வளரும்.

ஆனால் அங்கே கையெழுத்துப் போடுவதற்குமுன் சிலவற்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். இரவில் உங்களோடு இன்னொரு பதிவுபெற்ற செவிலியர் இருப்பாரா, அல்லது முதல் மாதமே தனியாக விடுவார்களா? அருகில் நின்று பழக்குவதற்கு எத்தனை வாரம், யார் பொறுப்பு? ஒப்பந்தம் முடியும்போது செய்த பணிகளைக் குறிப்பிட்டு அனுபவச் சான்று தருவார்களா? இடையில் விலகினால் பணம் கட்டச் சொல்லும் உறுதிப்பத்திரம் ஏதும் உண்டா, அசல் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொள்வார்களா? கடைசிக் கேள்விக்கு ஆம் என்றால் பேச்சை அங்கேயே முடித்துக்கொண்டு எழுந்து வந்துவிடுங்கள்.

இரவுப்பணி எழுதியது:

இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள், தங்கை. கடந்த இரண்டு மாத டியூட்டி அட்டவணையைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். ஒரே பெயர் தொடர்ச்சியாக எத்தனை இரவு வருகிறது என்று எண்ணுங்கள். முதல் மாதத்தில் இருந்த எத்தனை பெயர் இரண்டாவது மாதத்தில் இல்லை என்பதையும் பாருங்கள். உங்களுக்குத்தான் அட்டவணை பார்க்கத் தெரிகிறதே.